உப்புப் பார்க்காத பெண்கள்

ஊட்டச்சத்து படிக்கும் மாணவிகளிடையே உணவுக் கோளாறு எவ்வளவு இருக்கிறது?

முதலாமாண்டில் எங்களுக்கு ஒரு பிராக்டிக்கல் உண்டு. நேற்றுக் காலை கண் விழித்ததிலிருந்து இரவு படுத்தது வரை வாய்க்குள் போனது அத்தனையையும் எழுத வேண்டும். அரை டம்ளர் காபி, இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார் என்று அளவோடு. பிறகு உணவுகளின் சத்து அட்டவணை உள்ள கோபாலன் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கலோரி, புரதம், கொழுப்பு, இரும்பு, கால்சியம் என்று கணக்குப் போட வேண்டும். நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவோடு ஒப்பிட்டு, பற்றாக்குறையா மிகையா என்று கடைசிக் கட்டத்தில் குறிக்க வேண்டும். 24 மணி நேர உணவு நினைவுகூரல் என்று பெயர். ஊட்டச்சத்தியல் படித்த யார் வீட்டுப் பரணைத் துழாவினாலும் இந்தப் பக்கம் உள்ள ரெக்கார்டு நோட்டு கிடைக்கும்.

என் நோட்டில் எல்லாக் கட்டங்களிலும் பற்றாக்குறை. நான் பொய் எழுதவில்லை. சாப்பிட்டதைத்தான் எழுதியிருந்தேன். கூட்டல் பெருக்கலில் ஒரு பிழை இல்லை. ‘நீட் ஒர்க்’ என்று சிவப்பு மையில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார்கள். அந்த ஆசிரியையை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு அறுபது நோட்டு திருத்தியிருப்பார். அவர் பார்த்தது கணக்கை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் ஒரு நோயாளியின் பரிசோதனை அறிக்கை. அதைப் படித்துச் சொல்லும் பயிற்சியைத்தான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

சமையல் லேபில் இது இன்னும் நன்றாகத் தெரியும். எங்கள் வகுப்பிலேயே கைப்பக்குவம் உள்ளவள் ஒருத்தி இருந்தாள். கேரட் அல்வா கிளறினால் வராந்தா முழுக்க மணக்கும். செய்து முடித்ததும் ஒன்பது புள்ளி அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு நிறம், மணம், பதம், சுவை என்று மதிப்பெண் போடுவோம். அவள் நாக்கில் வைக்கமாட்டாள். எல்லோருக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பாள், நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். மணத்தை வைத்தே உப்பு சொல்வாள். மூன்று வருடம் நாங்கள் அதைத் திறமை என்று நினைத்தோம்.

இந்தக் கட்டுரையில் என் எடையையோ நான் சாப்பிட்ட அளவையோ எழுதப்போவதில்லை. அவளுடையதையும் எழுதமாட்டேன். இந்த நோய் பிடித்தவர்கள் அந்த மாதிரி எண்களைத் தேடித் தேடிப் படிப்பார்கள். தன்னால் இன்னும் குறைக்க முடியும் என்று தனக்கே காட்டிக்கொள்வதற்காகப் படிப்பார்கள். நானும் அப்படிப் படித்தவள்தான்.

எத்தனை பேர்?

உணவைப் பற்றிப் படிப்பவர்களிடமே உணவுக் கோளாறு அதிகமா என்ற சந்தேகம் புதிதல்ல. 1989-இலும் 1992-இலும் அமெரிக்க உணவியல் சங்கத்தின் ஆய்விதழில் உணவியல் மாணவிகளைப் பற்றி இதே கேள்வியோடு கட்டுரைகள் வந்துவிட்டன. சத்துணவுக் கல்வி இதில் ஏதாவது வித்தியாசம் செய்கிறதா என்பதையே இரண்டாவது கட்டுரை தலைப்பில் கேட்டிருந்தது. அதன்பிறகு ஆஸ்திரியா, ஜெர்மனி, பிரேசில், போர்ச்சுக்கல், கிரீஸ், சீனா, ஆஸ்திரேலியா என்று எத்தனையோ நாடுகளில் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். எண்ணியவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சில ஆய்வுகளில் ஊட்டச்சத்து மாணவர்கள் மற்ற துறை மாணவர்களைவிட மோசம். சீனாவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

மாணவர்களை விட்டு, படித்து முடித்து வேலைக்கு வந்த டயட்டீஷியன்களைப் பார்ப்போம். ஆரோக்கியமான உணவை மட்டுமே உண்ண வேண்டும் என்ற எண்ணம் வெறியாகிவிடும் நிலைக்கு ஆர்த்தோரெக்ஸியா என்று பெயர். 1997-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் வைத்த பெயர் இது. அவர் மருத்துவர் ஆவதற்கு முன் கம்யூன் ஒன்றில் சமையல்காரராகவும் இயற்கை விவசாயியாகவும் இருந்தவர். தன்னிடமே இந்த வெறியைக் கண்டதால்தான் பெயர் வைக்கத் தோன்றியது. ஆஸ்திரியாவில் 283 பெண் டயட்டீஷியன்களிடம் கேட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 12.8 சதவீதம் பேருக்கு இந்த நிலை இருப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு 34.9 சதவீதம் பேருக்கு அதன் சாயல் இருந்தது. பிரேசிலில் 392 டயட்டீஷியன்களிடம் கேட்டார்கள், 2012-இல் வந்த விடை 81.9 சதவீதம்! அமெரிக்காவில் 636 பேரிடம் கேட்டு 2017-இல் வெளியிட்டது 49.5 சதவீதம்.

ஒரே தொழில், ஒரே மாதிரிப் படிப்பு. ஆனால் எண் 12-இலிருந்து 81-க்குத் தாவுகிறது. ஐந்தில் நான்கு டயட்டீஷியன்கள் மனநோயாளிகள் என்று சொல்கிற அளவுகோலை நான் நம்பத் தயாராக இல்லை. கோளாறு அளவுகோலில் இருக்கிறது.

அந்த அமெரிக்க ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. உணவுக் கோளாறுக்கான வேறொரு கேள்வித்தாளின்படி ஆபத்தில் இருந்தவர்கள் 12.9 சதவீதம். உணவுக் கோளாறுக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுத்துக்கொண்டதாகத் தாங்களே சொன்னவர்கள் 8.2 சதவீதம். என் மனம் தங்குவது இந்தக் கடைசி எண்ணில்தான். பன்னிரண்டு பேரில் ஒருவர். கேள்வித்தாளின் ஊகமல்ல இது. வீட்டில் யாரோ கவனித்து, யாரோ அழைத்துப்போய், ஒரு மருத்துவரின் முன்னால் உட்கார்ந்தவர்கள். அப்படி உட்காராமலே இருந்துவிட்டவர்கள் இதற்குள் வரமாட்டார்கள். என் வகுப்புத் தோழி வரமாட்டாள். நானும் பல வருடங்கள் வந்திருக்கமாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண். எல்லாத் துறைக் கல்லூரி மாணவர்களையும் சேர்த்து, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, கேள்வித்தாளில் ‘ஆபத்து’ என்ற வரம்புக்குள் வந்தவர்கள் 19.7 சதவீதம். நோய் என்று மருத்துவர் உறுதி செய்த கணக்கல்ல, ஆபத்து என்ற வடிகட்டலில் தங்கியவர்கள் மட்டும். ஆக, ஊட்டச்சத்து வகுப்பு ஏதோ தனித் தீவு என்று எண்ணிவிடக் கூடாது. பொறியியல் வகுப்பிலும் வணிகவியல் வகுப்பிலும் இதே பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் இருந்த வேறுபாடு எண்ணிக்கையைவிட, மறைந்துகொள்ளக் கிடைத்த இடம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பாடமும் நோயும் பேசும் ஒரே மொழி

கனடாவின் டொராண்டோவில் டேவிட் கார்னரும் அவர் குழுவும் 1979-இல் உருவாக்கி, 1982-இல் 26 கேள்விகளாகச் சுருக்கிய உண்ணும் மனப்பாங்குத் தேர்வுதான் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது. 20 மதிப்பெண்ணைத் தொட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். அதில் ஒரு கேள்வி, சாப்பிடும் பொருளின் கலோரி அளவு உங்களுக்குத் தெரியுமா என்ற பொருளில் வரும். அரிசி 100 கிராமுக்கு 345 கிலோ கலோரி, நிலக்கடலை 567 என்று செமஸ்டர் தேர்வுக்கு உருப்போட்ட பெண் அதற்கு என்ன பதில் எழுதுவாள்? 1999-இல் லண்டனில் வடிவமைத்த ஐந்தே கேள்விகள் கொண்ட இன்னொரு தாள், உணவு உங்கள் வாழ்க்கையை ஆக்கிரமித்திருக்கிறதா என்று கேட்கிறது. காலை எட்டரைக்கு உணவு வேதியியல், பதினொன்றுக்கு நோய்க்கால உணவு, மதியம் சமையல் லேப் என்று ஓடுகிறவளிடம் இதைக் கேட்டால்?

ஆகவே நோயில்லாத மாணவியையும் இந்தத் தாள்கள் நோயாளி என்று பிடித்துவிடும். இதைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் பேசுகிறார்கள். எனக்குக் கவலை மறுபக்கத்தில்தான். நோயுள்ளவளும் அதே பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்வாள். ‘எங்க சப்ஜெக்டே அதுதானே’ என்றால் கேட்டவர் வாயடைத்துப் போவார். பொறியியல் மாணவி ஒருத்தி தட்டைத் தராசில் வைத்து நிறுத்தால் அறைத்தோழி அன்றிரவே அவள் வீட்டுக்குப் போன் போடுவாள். நாங்கள் நிறுத்தால் ‘ப்ராஜெக்ட் போல’ என்று தாண்டிப் போய்விடுவார்கள். எண்ணெயை நிறுத்தினாலும் சர்க்கரையை நிறுத்தினாலும் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்தினாலும் எங்களிடம் காரணம் இருந்தது. பாடப்புத்தகத்தில் அதற்குப் பக்க எண்ணும் இருந்தது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார், ‘ஏஞ்சாமி, இப்புடி எளச்சுப் போயிட்டே? ஆஸ்டல்ல சோறு போடறாங்களா இல்லியா?’ அன்றைக்கு எனக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். நான் அம்மாவுக்கு நெய்யின் கொழுப்பு அமிலங்களைப் பற்றிப் பாடம் எடுத்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அவர் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நெய்க்கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தார். பக்கத்து வீட்டு அத்தையிடம், ‘புள்ள படிக்கறதுக்குத் தகுந்தாப்பல இருக்கறா’ என்றார். என் நோயைச் சரியாகக் கண்டுபிடித்த முதல் ஆள் அம்மா. அவர் வாயை அடைத்தது என் படிப்பு.

படிப்பு நோயைத் தந்ததா?

இதைச் சொன்னதும், படிப்புதான் பெண்களைக் கெடுக்கிறது என்ற முடிவுக்குச் சிலர் ஓடிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போர் முடியும்போது ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிவதற்காக. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 24 வாரம் அவர்களுக்குப் பாதிப் பட்டினி. உடம்பு வற்றியது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அவர்கள் மனம் போன திசை. சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். கதைப் புத்தகம்போல ராத்திரியெல்லாம் படித்தார்கள். தட்டில் இருந்ததைக் கலந்து, பிரித்து, நீர் ஊற்றி, மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். சோதனை முடிந்த பிறகும் சிலரை இந்த மோகம் விடவில்லை. கீஸ் குழு 1950-இல் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு இதையெல்லாம் பதிவுசெய்திருக்கிறது.

சமையலில் எந்த ஆர்வமும் இல்லாமல் வந்தவர்களையும் பசி உணவின் மாணவர்களாக்கிவிட்டது என்பதுதான் இதில் எனக்குக் கிடைத்த செய்தி. இப்போது பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். பதினைந்து வயதில் யாரோ ‘குண்டு’ என்றதிலிருந்து அரைவயிறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருடமாக அவள் மூளைக்குச் சோற்றைத் தவிர வேறு நினைப்பில்லை. யூடியூபில் பார்ப்பது சமையல், கனவில் வருவது விருந்து. விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பாடம் வேண்டும் என்று கேட்கும்போது அவள் விரல் எங்கே போய் நிற்கும்? அதை ஆர்வம் என்று நாம் வாழ்த்தி அனுப்புகிறோம். விண்ணப்பித்தது அவளா, அவள் பசியா என்று யாரும் கேட்பதில்லை.

ஜெர்மனியில் ஊட்டச்சத்து மாணவிகள் இருநூற்றுச் சொச்சம் பேரையும் பிற துறை மாணவிகளையும் ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வு இங்கே முக்கியம். ஊட்டச்சத்து மாணவிகள் சாப்பாட்டில் தங்களை அதிகம் கட்டுப்படுத்திக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஆர்த்தோரெக்ஸியா சாயல் முதல் வருடத்தவர்களைவிட மேல் வருடத்தவர்களிடம் குறைவாக இருந்தது. ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் படிப்பு நோயை வளர்க்கிறது என்ற எளிய கதையோடு இது ஒட்டவில்லை. கூட்டிக்கொண்டு வந்த பயத்தைப் படிப்பு சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது என்று வாசிக்கவும் இதில் இடமிருக்கிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது. மூன்றாமாண்டில் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பற்றிய பாடத்தில், மூளைக்குக் கொழுப்பு ஏன் வேண்டும் என்று படித்த அன்றுதான் நெய் எனக்கு எதிரி என்ற எண்ணத்தில் முதல் விரிசல் விழுந்தது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை.

நம் ஊரில்

உணவுக் கோளாறு மேல்நாட்டுப் பணக்காரப் பெண்களின் வியாதி, நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. 1990-களில் சென்னையில் டி. என். சீனிவாசனும் அவரோடு பணியாற்றிய மனநல மருத்துவர்களும் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தார்கள். மேல்நாட்டு வரையறைக்குள் முழுமையாக அடங்காத, ஆனால் உண்பதும் உடம்பும் குறித்துத் தெளிவான துயரம் ஒன்றை 14.8 சதவீதம் பேரிடம் கண்டார்கள். உண்ணல் துயர நிலை என்று அதைக் குறித்தார்கள். நம் ஊருக்கென்று தனிக் கேள்வித்தாளும் தயாரித்தார்கள். இன்ஸ்டாகிராம் வருவதற்கு எவ்வளவோ முன்பு, மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடம், இதே சென்னையில்! வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மனநலப் பிரிவு 2007-இல் வெளியிட்ட கணக்கில், ஐந்தாண்டுகளில் உணவுக் கோளாறு என்று கண்டறிந்த 41 பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருந்தது மனம் சார்ந்த வாந்தி. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் தன்னையே பட்டினி போட்டுக்கொள்ளும் அனோரெக்ஸியா 14.6 சதவீதம்தான். ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையைச் சொல்லாமல், ‘வயித்துல தங்கமாட்டேங்குது’ என்று மட்டும் சொல்லும் நோய் இங்கே அதிகம். வயிற்று மருத்துவரிடமே வருடக்கணக்கில் சுற்றுவார்கள்.

விரதம் வேறு இருக்கிறது. கிங், புக்ரா என்ற இரு ஆய்வாளர்கள் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் கார்னரின் கேள்வித்தாளைக் கொடுத்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில் 29 சதவீதம் பேர் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். ஆராய்ந்து பார்த்தால், சில கேள்விகளை அந்தப் பிள்ளைகள் விரதத்தோடு சேர்த்துப் புரிந்துகொண்டிருந்தார்கள். சஷ்டியும் ஏகாதசியும் வெள்ளிக்கிழமையும் உள்ள வீட்டில், சாப்பிடாமல் இருப்பதற்குப் புண்ணியம் என்று பெயர். இதில் எனக்குக் குறையேதும் இல்லை, என் அம்மா இன்றும் கார்த்திகை விரதம் இருப்பவர். ஆனால் அறைத்தோழி வாரத்துக்கு நான்கு நாள் விரதம் என்றால், எந்தச் சாமிக்கு என்று பக்கத்தில் இருப்பவர்கள் அன்போடு கேட்கலாம். பெண்ணுக்கு அழகு குறைவாக உண்பது என்ற பொருளில் கொன்றை வேந்தனில் வரும் வரியை எழுத்துக்கூட்டும் வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தவள் என்பதுதான் ஒரு தாய்க்கு நாம் தரும் ஆகப்பெரிய பாராட்டு. பட்டினியை மெச்சும் சொற்கள் நம்மிடம் ஏராளம். அது நோயாகும்போது சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

இந்தப் படிப்பின் கதையும் பட்டினியில் தொடங்கியதுதான். 1918-இல் குன்னூரில், ஒற்றை அறை ஆய்வகத்தில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி நோய் ஆராய்ச்சிதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அதை வழிநடத்தியவர்களில் தலையாயவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன், முதலாமாண்டில் நாங்கள் விரித்துவைத்துக் கணக்குப் போட்ட அந்தப் புத்தகத்தின் ஆசிரியர்களில் முதல்வர். கால் வீங்கிய குழந்தைகள், மாலைக்கண், ரத்தச்சோகை. இவற்றை ஒழிக்க, போதாத வயிற்றை நிரப்ப உருவான அறிவியல் இது. 1956-இல் காமராசரும் 1982-இல் எம்.ஜி.ஆரும் பள்ளியில் போட்ட சோற்றுக்குப் பின்னால் இந்த அறிவு இருந்தது. இன்று தேவை மாறிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை அதிகமானவர்கள், 12.6 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். படித்து வெளியே வரும் பெண்ணுக்கு வேலை எடைக்குறைப்பு மையத்திலும் ஜிம்மிலும்தான் அதிகம் காத்திருக்கிறது. அங்கே அவள் உடம்பே அவளது சான்றிதழ். ‘தானே குண்டா இருக்கா, இவ என்ன டயட் சொல்லப் போறா’ என்ற பேச்சை இன்டர்ன்ஷிப் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவாள். இருதய நோய் மருத்துவருக்கு மாரடைப்பு வந்தால் யாரும் அவர் பட்டத்தைச் சந்தேகிப்பதில்லை. டயட்டீஷியன் மட்டும் தன் இடுப்பளவால் தன் படிப்பை நிரூபிக்க வேண்டும் என்பது கொடுமை.

என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இது உயிர்போகும் நோய். மனநோய்களிலேயே அதிக மரணங்களோடு தொடர்புடையவற்றில் அனோரெக்ஸியா ஒன்று. 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கின்படி, அந்த நோயுள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு அதே வயதில் மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பார்வைக்கு அவர்கள் ஒல்லியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதை நாங்கள் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்தோம். அந்தப் பக்கத்தை எனக்காக எழுதியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

இந்த நோயுள்ள பெண்களைப் படிப்பில் சேர்க்கும்போதே வடிகட்டிவிடலாமே என்ற யோசனை வெளிநாட்டுக் கல்வியாளர்களிடையே விவாதிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வடிகட்டினால் ஒருத்தியும் வாயைத் திறக்கமாட்டாள், நோய் இன்னும் ஆழத்துக்குப் போகும். மீண்டு வந்தவள் நல்ல டயட்டீஷியன் ஆக முடியும் என்பதற்குத் தொழிலில் எத்தனையோ பேர் சாட்சியாக இருக்கிறார்கள். ஆனால் மீளாமலே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் தன் பயத்தையே டயட் சார்ட்டாக எழுதிக் கொடுப்பது வேறு. அதைத் தடுக்க வேண்டிய இடம் சேர்க்கை மேசையல்ல, முதலாமாண்டு வகுப்பறை.

அங்கே செய்ய வேண்டியவை செலவில்லாதவை. வகுப்பு முன்னால் வரிசையில் நிற்கவைத்து எடை பார்த்து, கரும்பலகையில் பி.எம்.ஐ. எழுதும் பழக்கத்தை இன்றே நிறுத்தலாம். உயரம் எடை அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்தான், அதற்கு அளக்கப்படும் உடம்பு மாணவியின் உடம்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தோல்மடிப்பை அளக்கும் கேலிப்பரை ஒருவர் கையில் ஒருவர் மாட்டிப் பார்த்துச் சிரித்த அந்த மதிய நேரம் வகுப்பில் எத்தனை பேருக்கு எப்படிப் போயிருக்கும் என்று இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. உணவுக் கோளாறு என்பது பாடத்திட்டத்தில் நோய்க்கால உணவின் கடைசி அலகில், நேரமிருந்தால் எடுக்கும் தலைப்பாகத்தான் எங்களுக்கு இருந்தது. அது முதல் மாதத்தில் வர வேண்டும். எங்கோ இருக்கும் நோயாளியைப் பற்றியதாக இல்லாமல், இந்த அறையில் இருப்பவர்களைப் பற்றியதாக.

பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடிய அறிகுறிகள் உண்டு. சமைத்துச் சமைத்து ஊட்டிவிட்டுத் தான் தொடாதவள். மெஸ்ஸில் எப்போதும் ‘இப்பதான் சாப்பிட்டேன்’ என்பவள். சாப்பிட்டு எழுந்ததும் குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம். மாதவிலக்கு நின்று மாதங்களானவள், அதைப் பி.சி.ஓ.டி. என்று தானே முடிவுகட்டி இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்பவள். இப்படி ஒருத்தியைப் பார்த்தால் அவள் எடையைப் பற்றிப் பேச வேண்டாம். ‘இளைச்சுட்டே’ என்பதை இந்த நோய் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளும், ‘இப்ப நல்லா இருக்கே’ என்பதைத் திட்டாக. ‘நீ தூங்கறியா? தனியா இருக்கற மாதிரி இருக்கே, என்கூட வா’ என்பது போதும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆலோசனையோடு ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுக்க ஒரு பொது மருத்துவரும் வேண்டும். இது மனமும் உடம்பும் சேர்ந்த நோய்.

எனக்கு வழி காட்டியது மெஸ் மேசைதான். இரண்டாமாண்டில் என் அறைக்கு வந்தவள் நான் என்ன சாப்பிட்டேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்காருவாள், ஊர்க்கதை பேசுவாள், நான் முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டாள். முக்கால் மணி நேரம் ஆனாலும். அவள் தமிழ் இலக்கிய மாணவி. மருத்துவரிடம் முதல்முறை போனபோது வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

என் வகுப்பிலேயே படித்த இன்னொருத்தி இப்போது பேராசிரியை. போன மாதம் பேசியபோது 24 மணி நேர உணவு நினைவுகூரல் பிராக்டிக்கலை என்ன செய்தாள் என்று கேட்டேன். மாணவிகள் தங்களைப் பற்றி எழுதுவதை அவள் நிறுத்திவிட்டாளாம். பாலூட்டும் தாய், சித்தாள் வேலைக்குப் போகும் பெண், மாரத்தான் ஓடும் பையன், எழுபது வயதுப் பாட்டி என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுகிறாள். வந்த சீட்டுக்காரர்களின் ஒரு நாள் சாப்பாட்டை எழுதிக் கணக்குப் போட வேண்டும். போன வருடம் சித்தாள் சீட்டு வந்த பிள்ளை, காலையில் ஒன்றரை இட்லி, மதியம் கொஞ்சம் தயிர்சாதம் என்று எழுதிக்கொண்டு வந்தாளாம். நோட்டைத் திருத்தாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, செங்கல் சுமக்கிறவங்களுக்கு இது போதுமா, யோசிச்சு மறுபடி எழுது என்று அனுப்பியிருக்கிறாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தப் பிள்ளை நோட்டோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றிருக்கிறாள். புதுசாக எதுவும் எழுதவில்லை. உள்ளே வந்து உட்காரட்டுமா என்று கேட்டாளாம்.